அந்த நாட்டைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?

பிரித்தானியாவின் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் 1977ஆம் ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பத் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ என்ற நகைச்சுவைத் தொடர், பிறந்த நாட்டைவிட எங்கள் நாடுகளில்தான் அதிக காலம் உயிரோடு இருந்தது. லண்டனில் மாலை வேளையில் நடக்கும் ஓர் ஆங்கில வகுப்பு, அங்கே பல நாடுகளிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் வளர்ந்தவர்கள், அவர்களோடு மல்லுக்கட்டும் ஒரு பொறுமைசாலி ஆசிரியர், இவ்வளவுதான் கதை. இத்தாலியர் எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்படுவார். ஜப்பானியர் குனிந்து வணங்கியபடியே இருப்பார். பிரெஞ்சுப் பெண் ஆசிரியரை மயக்கப் பார்ப்பார். சீனப் பெண் மாவோவின் சிவப்புப் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார். சீக்கியரும் பாகிஸ்தானியரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் குடும்பமே கூடியிருந்து பார்த்துச் சிரித்த தொடர் அது. இந்தியாவில் 1993இல் அதே சட்டகத்தை எடுத்து, ஆங்கில வகுப்பை ஹிந்தி வகுப்பாக்கி, ‘ஸபான் சம்பால்கே’ என்ற பெயரில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பினார்கள்.

இப்போது நான் படிப்பிப்பதும் அப்படியொரு வகுப்பில்தான். லண்டனின் வடமேற்கே வெம்பிளியில், வயது வந்தோருக்கான கல்லூரி ஒன்றில், வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு மாலையில் ஆங்கிலம். இங்கே அதை எல்லோரும் ஈசோல் வகுப்பு என்பார்கள். ஈரான், எத்தியோப்பியா, கொலம்பியா, பல்கேரியா, துருக்கி, சீனா, சோமாலியா, ருமேனியா, பஞ்சாப், யாழ்ப்பாணம் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே உலகப்படம் போல இருக்கும். மனிதர்கள் இப்படி ஓர் அறைக்குள் வந்து சேரும்போது, ஒருவர் நாட்டைப் பற்றி மற்றவர் ஏற்கெனவே ஏதோ ஒரு படத்தை மனதில் சுமந்துகொண்டுதான் வருகிறார் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன, அவற்றோடு ஒரு வகுப்பறையிலும் ஒரு வீட்டிலும் என்ன செய்யலாம் என்பதைப் பற்றி நான் கண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பழைய தொடரிலிருந்தே தொடங்கலாம். அதில் சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் எங்கள் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். சீனப் பெண்ணாக நடித்த பிக்-சென் லிம் மலேசியாவின் பினாங்கில் பிறந்தவர். பிரெஞ்சுப் பெண்ணாக வந்த பிரான்சுவாஸ் பஸ்கால் மொரீஷியஸ்காரர். கிரேக்கராக வந்த கெவோர்க் மாலிக்கியான் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். இதை மாணவர்களிடம் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். பார்ப்பவருடைய மனதில் ஏற்கெனவே இருந்த ‘சீக்கியர்’ என்ற உருவத்துக்குப் பொருந்தும் ஒரு தலைப்பாகையும் ஓர் உச்சரிப்பும் கிடைத்தால் போதும், உள்ளே இருப்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி என்பதுதான் அந்தத் தேர்வின் பொருள். பிரித்தானியாவில் மைக்கேல் கிரேட் என்ற தொலைக்காட்சி நிர்வாகி, இப்படி முத்திரை குத்துவது புண்படுத்துவதாகும் என்று கருதி, நல்ல பார்வையாளர் கூட்டம் இருந்தபோதே 1979இல் தொடரை நிறுத்திவிட்டார். நாங்கள் கொழும்பிலிருந்து அதன் பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த வகுப்பில் இலங்கையர் என்று யாருமே இல்லை. ஆகவே சிரிக்கப்படுகிறவர்களின் வரிசையில் நாங்கள் இல்லை, வெள்ளைக்காரப் பார்வையாளருக்குப் பக்கத்து நாற்காலியில் எங்களையும் உட்கார வைத்துவிட்டார்கள். கம்பளைக்காரர் ஒருவர்தான் அங்கே தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

வகுப்பில் நான் வழக்கமாகச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொல்வேன். பையிலிருந்து ஒரு நாட்டின் பெயரை எடுத்துப் பலகையில் எழுதுவேன். இடப்பக்கம் அந்த நாட்டு மக்களைப் பற்றித் தெரிந்த மூன்று விஷயங்கள். வலப்பக்கம் அவை ஒவ்வொன்றும் எப்படித் தெரியும் என்பது. இடப்பக்கம் நொடியில் நிறைந்துவிடும். வலப்பக்கத்தில்தான் பேனா நிற்கும். ‘எல்லோருக்கும் தெரியும்’ என்று எழுதுகிறவரை விடாமல் கேட்டால், கடைசியில் ஒரு தொடர், ஒரு செய்தி ஒளிபரப்பு, ஓர் உதைபந்தாட்டப் போட்டி என்று வந்து நிற்பார். அந்த நாட்டுக்காரர் ஒருவரையாவது தெரியும் என்று எழுதுகிறவர் வெகு குறைவு.

இது தொலைக்காட்சியோடு பிறந்த வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 1933இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேனியல் காட்ஸ், கென்னத் பிரேலி என்ற இருவர் 100 மாணவர்களிடம் பத்து இனத்தவரின் பெயர்களைக் கொடுத்து, ஒரு பட்டியலிலிருந்து பொருத்தமான குணங்களைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். துருக்கியரை நேரில் கண்டே இராத அந்த இளைஞர்களில் பலர், துருக்கியர் கொடூரமானவர்கள் என்று ஒருவரையொருவர் கேட்காமலே ஒரே பதிலைச் சொன்னார்கள். அப்போது வீடுகளில் தொலைக்காட்சி கிடையாது. பத்திரிகையும் சினிமாவும் புத்தகமும் வீட்டுப் பேச்சும் அந்த வேலையைச் செய்திருந்தன. தொலைக்காட்சி வந்த பிறகு அது தினமும் நடக்கத் தொடங்கியது, முகத்தோடும் குரலோடும் நடக்கத் தொடங்கியது.

இந்தப் பயிற்சியைச் செய்ய விரும்புகிற ஆசிரியர்களுக்கு ஒரு சொல். முதல் நாட்டை, அறையில் இருக்கும் எவருடைய நாடாகவும் இல்லாதபடி தெரிவு செய்யுங்கள். நான் பெரும்பாலும் பிரேசிலையோ சுவிட்சர்லாந்தையோ எடுப்பேன். பிரேசில் என்றால் பந்தும் கடற்கரையும், சுவிட்சர்லாந்து என்றால் பனியும் சொக்லேட்டும் என்று எழுதிவிட்டுத் தன் வலப்பக்கம் வெறுமையாக இருப்பதைத் தானே பார்க்கிறவர், அடுத்த வாரம் பக்கத்து இருக்கைக்காரரின் நாடு பலகையில் ஏறும்போது பேனாவை எடுக்கச் சற்றுத் தயங்குவார். எனக்கு வேண்டியது அந்தத் தயக்கம்தான். நேராக அறையில் உள்ள நாடுகளிலிருந்து தொடங்கினால் பாதிப் பேர் காயப்படுவார்கள், மீதிப் பேர் மரியாதைக்குப் பொய் எழுதுவார்கள்.

கொலம்பியா பலகையில் ஏறிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறையில் இருந்த கொலம்பியப் பெண் மெடெயின் நகரத்துக்காரர். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருவார். சேகரித்த தாள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதல் வரி போதைப்பொருள். வலப்பக்கம், நெட்ஃபிளிக்ஸ் 2015இல் வெளியிட்ட ‘நார்கோஸ்’. பாப்லோ எஸ்கோபார் சுட்டுக் கொல்லப்பட்டது 1993 டிசம்பரில். அவர் இறந்தபோது நடை பழகிக்கொண்டிருந்த பிள்ளை, இன்று வெம்பிளியில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவரைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண் கோபப்படவில்லை. கைபேசியை எடுத்து, மலைச்சரிவில் இருக்கும் தன் தாயார் வீட்டுக்கு மேலாகப் போகும் கம்பிவட ஊர்தியின் படத்தைக் காட்டினார். மெடெயினில் 1995இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2004இல் மலைமேல் இருக்கும் ஏழைக் குடியிருப்புகளுக்கு அந்தக் கம்பிவட ஊர்தியை மெட்ரோவோடு இணைத்தார்கள். “எங்கள் ஊரில் மெட்ரோ வண்டிக்குள் ஒருவரும் குப்பை போடமாட்டார்கள், இங்கேதான் போடுகிறார்கள்” என்றார். அந்தத் தொடரில் எஸ்கோபாராக நடித்தவர் வாக்னர் மோரா என்ற பிரேசில் நடிகர் என்றும், வேடத்துக்காகவே ஸ்பானிய மொழி கற்ற அவருடைய உச்சரிப்பைக் கேட்டு ஊரில் எல்லோரும் சிரித்தார்கள் என்றும் சொன்னார். கம்பளைக்காரர் சீக்கியரான கதை அங்கே திரும்பவும் வந்து நின்றது.

அன்றைக்கு நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. கொலம்பியாவின் வேறு தொடர்கள் எதையும் நாங்கள் பார்த்திருக்க மாட்டோம் என்று யாரோ சொல்ல, அந்தப் பெண் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார். பெரிய கண்ணாடியும் பல்லில் கம்பியும் போட்ட, அழகில்லாதவள் என்று எல்லோராலும் ஒதுக்கப்பட்ட, ஆனால் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் நவநாகரிக உடை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேருகிறாள். அவர் பாதி சொல்வதற்குள் பஞ்சாபி மாணவி, “அது எங்கள் ஜஸ்ஸி” என்றார். சீன மாணவி, இல்லை, அது சீனத் தொடர், தான் ஊரில் பார்த்தது என்றார். இருவர் சொன்னதும் சரி. கொலம்பியாவின் ஆர்சிஎன் தொலைக்காட்சியில் 1999இல் தொடங்கிய ‘யோ சோய் பெட்டி, லா ஃபெயா’ என்ற தொடர்தான் 2003இல் இந்தியாவில் ‘ஜஸ்ஸி ஜைஸி கோயி நஹீன்’ ஆனது, 2006இல் அமெரிக்காவில் ‘அக்லி பெட்டி’ ஆனது, 2008இல் சீனாவுக்கும் போனது. அமெரிக்கத் தொடரில் நாயகியின் குடும்பம் மெக்சிகோவிலிருந்து வந்ததாக மாறிவிட்டது. பொகோட்டாவில் எழுதப்பட்ட ஓர் அலுவலகக் கதை உலகம் சுற்றி வந்தது. போன இடமெல்லாம் அந்தந்த ஊரின் பெயரைப் போட்டுக்கொண்டது. துப்பாக்கிக் கதை மட்டும் கொலம்பியா என்ற பெயரோடு பயணம் போனது.

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாட்டின் சாதாரண வாழ்க்கை, வேலை, சம்பளம், மாமியார், பரீட்சை, காதல் ஆகியவை எங்கும் பொருந்துகிறவை என்பதனாலேயே அவற்றை வாங்குகிறவர்கள் ஊர்ப் பெயரைக் கழற்றிவிட்டு வாங்குகிறார்கள். அந்த நாட்டில் மட்டும் நடந்த அசாதாரணமான கொடுமையை வாங்குகிறவர்களுக்கோ ஊர்ப் பெயர்தான் சரக்கு. ஆகவே தொலைக்காட்சி நிலையங்கள் எல்லாம் கூடிச் சதி செய்யாமலே, ஒரு நாட்டின் பெயரோடு ஒட்டிக்கொள்வது அதன் மிக மோசமான பத்து வருடங்களாகிவிடுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் 1960களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, மிகுதியாகப் பார்க்கிறவர்கள் உலகம் உள்ளதைவிட ஆபத்தானது என்று நம்பத் தலைப்படுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். தன் தெருவைப் பற்றியே அப்படியென்றால், போய்ப் பார்க்கவே முடியாத நாட்டைப் பற்றிக் கேட்கவா வேண்டும்.

எத்தியோப்பியாவைப் பற்றி எழுத வேறு காரணமும் உண்டு. எங்கள் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வெம்பிளி மைதானம் இருக்கிறது. 1984 அக்டோபர் 23ஆம் தேதி பிபிசி செய்தியில், வட எத்தியோப்பியாவின் கோரெம் என்ற இடத்தில் மைக்கேல் பியூர்க் என்ற செய்தியாளரும் கென்யரான மொஹமட் அமீன் என்ற ஒளிப்பதிவாளரும் எடுத்த பஞ்சக் காட்சிகள் ஒளிபரப்பாயின. அந்தக் காட்சிகள் உலகத்தை உலுக்கின. 1985 ஜூலை 13ஆம் தேதி இதே வெம்பிளியிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ‘லைவ் எய்ட்’ இசை நிகழ்ச்சி நடந்தது. பெருந்தொகை திரண்டது, உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் படம் அதன் பிறகு நகரவே இல்லை. விஎஸ்ஓ என்ற தன்னார்வ அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிரித்தானியரில் 80 சதவீதத்தினர் வளரும் நாடுகளைப் பஞ்சத்தோடும் பேரழிவோடும் மேற்கு நாடுகளின் உதவியோடும் சேர்த்தே நினைப்பதாகக் காணப்பட்டது. பழைய மைதானத்தை இடித்து, 2007இல் புதியதைத் திறந்தும்விட்டார்கள். படம் மட்டும் அப்படியே நிற்கிறது.

என் வகுப்பில் இருந்த எத்தியோப்பியப் பெண் அடிஸ் அபாபாவில் பிறந்து வளர்ந்தவர், அந்தப் பஞ்சத்துக்குப் பல வருடம் பின்னால் பிறந்தவர். முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை செய்தார். அங்கே வாழும் முதியவர்கள் அன்போடு, உண்மையான அன்போடு, “உங்கள் ஊரில் இப்போதாவது சாப்பாடு கிடைக்கிறதா?” என்று கேட்பார்களாம். பஞ்சம் வறட்சியால் மட்டும் வந்ததல்ல, அப்போதைய மெங்கிஸ்து அரசு திக்ரே, வொல்லோ பகுதிகளில் நடத்திய போரும் அதற்குக் காரணம் என்பதைச் சொல்லத் தொடங்கினால், தேநீர் ஆறிவிடும். அன்று பலகையில் எத்தியோப்பியாவை எழுதலாமா என்று முன்கூட்டியே கேட்டேன். “எழுதுங்கள் டீச்சர், ஆனால் என்னைப் பேசச் சொல்லாதீர்கள். நான் ஆங்கிலம் படிக்க வந்தேன், எத்தியோப்பியாவுக்காக வழக்காட வரவில்லை” என்றார். வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரையை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை. ஒரு முத்திரையை உடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, அந்த நாட்டுக்காரரை எழுப்பி நிறுத்தி விளக்கம் கேட்பது, அவரைத் திரும்பவும் அந்த நாட்டின் பிரதிநிதியாக்குவதுதான். யாரும் தன் நாடு முழுவதையும் தோளில் சுமந்துகொண்டு வகுப்புக்கு வருவதில்லை.

ஆகவே அன்று ஆளைப் பேசவிடாமல் படத்தைப் பேசவிட்டேன். ஒரு செய்தித் தொகுப்பை, எந்த நாட்டுப் பேரிடராக இருந்தாலும் சரி, ஒலியை முற்றாக நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நிமிடம் போட்டுக் காட்டுவேன். திரையின் அடியில் பெயரும் பதவியும் எழுதி வருகிறது அல்லவா, அது யார் யாருக்கு வருகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். செய்தியாளருக்குப் பெயர் இருக்கும். உதவி அமைப்பின் அதிகாரிக்குப் பெயரும் பதவியும் இருக்கும். வெளிநாட்டு மருத்துவருக்கு இருக்கும். பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்குப் பெரும்பாலும் இருக்காது. அவர் வாய் அசைவது தெரியும், அடுத்த வினாடி வேறொருவர் பேசத் தொடங்கிவிடுவார். எவ்வளவு குறைந்த ஆங்கிலம் தெரிந்தவரும் இந்தப் பயிற்சியைச் செய்துவிடலாம். ஒலி இல்லாததால் மொழி ஒரு தடையாக இருப்பதில்லை. ஒரு சோமாலிய மாணவர் அன்று தாளில் எழுதியிருந்தது: ‘பெயர் உள்ளவர் ஐந்து, பெயர் இல்லாதவர் ஊர் முழுக்க.’ இதை வீட்டில் பிள்ளைகளோடும் செய்து பார்க்கலாம், செலவில்லை.

புகழ்ந்து குத்தும் முத்திரையும் முத்திரைதான் என்பதற்கு ஓர் ஈரானியரையும் ஒரு ஜப்பானியப் பெண்ணையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் என்எச்கே நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, நாளொன்றுக்குக் கால் மணி நேரமாக 297 பகுதிகள் ஒளிபரப்பிய ‘ஓஷின்’ என்ற தொடர், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது, இலங்கைக்கும் வந்தது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்டு, அவமானங்களையும் போரையும் தாங்கி நின்ற ஒரு பெண்ணின் கதை. ஈரானில் அது ஈராக்கோடு போர் நடந்த காலத்தில் ஒளிபரப்பானபோது தெருக்கள் வெறிச்சோடின என்று அந்த மாணவர் சொன்னார். 1989இல் ஒரு பெண் வானொலியில், தனக்கு முன்மாதிரி ஓஷின்தான் என்று சொல்லிவிட, அயத்துல்லா கொமேனி சினந்து, அதை ஒலிபரப்பிய அதிகாரிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிப்பும் கிடைத்தது. ஓஷினின் புகுந்த வீட்டுப் பெயரான ‘தனகுரா’ ஈரானில் பழைய உடைக் கடைகளுக்கே பெயராகிவிட்டது. இப்படிப்பட்ட ஒரு தொடரோடு வளர்ந்த மனிதர், வகுப்பில் முதன்முதலாக ஒரு ஜப்பானியப் பெண்ணைச் சந்தித்ததும் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து வணங்கினார். அந்தப் பெண்ணுக்கோ ஓஷின் தன் பாட்டி பார்த்த ஏதோ பழைய தொடர்.

அந்த வணக்கம் ஜப்பானியப் பெண்ணுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். சில வாரங்கள் கழித்து, புகார்க் கடிதம் எழுதப் பழகும் பாடத்தின்போது அவர் சொன்னது வேறு. வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடித்து, குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. முகவர் அலுவலகத்தில் போய்க் குரலை உயர்த்தினால், அங்கே இருந்தவர்கள், “ஜப்பானியர்கள் மிகவும் பொறுமையானவர்கள் என்றல்லவா நினைத்தோம்” என்று சிரித்தார்களாம். பொறுமைசாலி என்ற பாராட்டு, கோபப்படுகிற உரிமையை அவரிடமிருந்து எடுத்துவிட்டது. ஈரானியர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அந்தக் கடிதத்தின் கடைசி வரியைத் தானே கடுமையாகத் திருத்திக் கொடுத்தார்.

குணத்தை நாட்டோடு ஒட்டுவது எவ்வளவு ஆதாரமற்றது என்பதற்கு 2005இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையை அங்கே சொன்னேன். அந்தோனியோ டெராச்சியானோ முதலானோர் 49 பண்பாடுகளில், மக்கள் தம் நாட்டவரின் குணம் இதுவென்று நம்புவதையும், தனிமனிதர்களை அளந்து பெற்ற சராசரியையும் ஒப்பிட்டார்கள், இரண்டும் பொருந்தவில்லை. கனேடியர் தங்களைச் சாதுவானவர்கள் என்றும் அமெரிக்கர் தங்களை முந்தியடிப்பவர்கள் என்றும் நம்பினார்கள். அளந்து பார்த்தால் இரு நாட்டவருக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கனடாவில் இருக்கும் என் சகோதரி இதை இன்னும் ஏற்கவில்லை. கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டு, கொரிய ஆண்கள் எல்லோரும் மழையில் குடை பிடிக்கக் காத்திருப்பவர்கள் என்று நம்பும் மருமக்களிடமும் இதைச் சொல்லிப் பார்த்தேன். பயன் அதிகம் இல்லை.

படம் தவறாக இருந்தும் நன்மை செய்த ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் தொலைக்காட்சியை வெறுமனே திட்டுவதாகிவிடும். பல்கேரியர்களின் பாடப்புத்தகங்களிலும் பாட்டிமார் கதைகளிலும் துருக்கியர் என்றால் ஐந்நூறு வருட ஒட்டோமான் ஆட்சிதான். 2008இலிருந்து பல்கேரியத் தொலைக்காட்சியில் ‘பின்பிர் கெஜே’ முதலான துருக்கித் தொடர்கள் ஓடத் தொடங்கின. கிரேக்கத்தில் அதற்கு முன்பே, 2005இல், துருக்கிப் பெண்ணும் கிரேக்க இளைஞனும் காதலிக்கும் ‘யபன்ஜி தாமாத்’ என்ற தொடர் வந்திருந்தது. என் வகுப்புப் பல்கேரியப் பெண், பக்கத்தில் துருக்கிக்காரி என்று தெரிந்த நிமிடமே நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார். தொடர் நாயகர்களின் பெயர்களே இருவருக்கும் பொதுமொழியாயின. பொஸ்பரஸ் நீரிணைக் கரையில் மாளிகைகளும், காலையிலேயே ஒப்பனை செய்த மாமியார்களும் நிறைந்த துருக்கியைத்தான் அவர் அறிந்திருந்தார். துருக்கிப் பெண்ணோ அனத்தோலியாவின் உட்பகுதியில் ஒரு சிறு நகரத்து ரொட்டிக்கடைக்காரரின் மகள். அந்த மாளிகைகளைப் படகிலிருந்து ஒருமுறை பார்த்ததோடு சரி. அதைக் கேட்ட பல்கேரியப் பெண் ஏமாற்றமடையவில்லை, ரொட்டிக்கடையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். பயத்தை ஊட்டும் படத்துக்கும் ஆசையை ஊட்டும் படத்துக்கும் இடையே எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். இரண்டும் பொய்யாக இருக்கலாம். ஆனால் முன்னது பக்கத்து நாற்காலியை விலக்க வைக்கும், பின்னது இழுத்துப் போட வைக்கும்.

எங்கள் வீடுகளுக்கு வருகிறேன். லண்டனில் தமிழ் வீடுகளில் சென்னைத் தொலைக்காட்சிகள் ஓடாத மாலை இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு என்பது, நகை போட்டுக்கொண்டே தூங்குகிற, யாராவது ஏதாவது சொன்னால் மூன்று கோணத்தில் முகம் காட்டப்படுகிற பெண்கள் வாழும் நாடு. என் மகள் சிறியவளாக இருந்தபோது, திருச்சியில் இருக்கும் உறவுப் பெண் எங்களோடு ஏன் சண்டை பிடிப்பதில்லை என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் எடுக்கும் காணொளி அழைப்பை, ஒன்றுமில்லாத ஒரு வியாழக்கிழமை மாலையில் எடுப்பது. திருச்சிப் பெண் நைட்டியோடு, கொண்டையை அள்ளி முடிந்தபடி, மின்கட்டணம் ஏறியதைத் திட்டிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் மடிக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்தத் தொடரும் அதைக் காட்டுவதில்லை, ஏனென்றால் அதில் கதை இல்லை.

எதிர்ப்பக்கமும் இப்படித்தான். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் எங்களுக்கு இரண்டே வேடங்கள். ஒன்று, பாட்டுப் போட்டி மேடையில் சோக இசை பின்னணியில் ஒலிக்க நிற்கும் போர்க்காலப் பிள்ளை. மற்றது, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ காசோடு வந்திறங்கும் உறவினர். சென்னையில் ஓட்டோவில் ஏறி வாயைத் திறந்ததும் ஓட்டுநர், “அம்மா, நீங்க சிலோன்தானே? ஆனா சினிமால பேசுற மாதிரி பேசலையே!” என்றார். நான் எங்கள் ஊர்ப் பேச்சைத்தான் பேசினேன். சினிமாவில் வருவதைத்தான் எங்கள் ஊரில் ஒருவரும் பேசுவதில்லை. அவரிடம் விவாதிக்காமல், அவருடைய ஊர் எது என்று கேட்டேன். உளுந்தூர்பேட்டைப் பக்கம் என்றவர், இறங்கும் வரை நிலக்கடலை விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் எங்கள் பக்கத்துக் கச்சான் விலையைச் சொன்னேன்.

அண்மைக்காலத்தில் தாள்களின் வலப்பக்கம் மாறிவிட்டது. தொடர் பெயர்கள் குறைந்து, ‘டிக்டாக்’, ‘யூடியூப்’ என்று எழுதுகிறார்கள். அரை நிமிடக் காணொளிக்குத் தயாரிப்பு நிறுவனமும் இல்லை, நடிகர் பட்டியலும் இல்லை; வாக்னர் மோரா எந்த ஊர்க்காரர் என்று தேடியதைப் போல இதில் தேட முடியாது. ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரிலிருந்து வெட்டிய துண்டுகளும், எழுதியவர் பெயரோ ஆண்டோ இல்லாமல், அங்கே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அது நேற்று எடுத்தது என்று நினைத்த மாணவர்களும் உண்டு. இதனால் தாளில் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன்: அதை எடுத்தவர் அந்த நாட்டில் வாழ்கிறாரா, விருந்தாளியாகப் போனவரா, அல்லது போகவே போகாதவரா. மாணவர்கள் அங்கேயே கைபேசியை எடுத்து, காணொளியை வெளியிட்டவரின் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள். பதில் கிடைக்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். போன பருவத்துத் தாள்களில் கேள்விக்குறிகள்தான் அதிகம். வரும் பருவத்தில் பையிலிருந்து எடுக்கும் முதல் நாடாக பிரித்தானியாவையே போடச் சொல்லி மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் வாழ்வது இங்கேதான் என்பதால் அந்த வலப்பக்கம் எப்படி நிறையும் என்று பார்க்க எனக்கும் ஆவலாக இருக்கிறது.